சாக்ஸ் போட முடியுமா, பந்தியில் உட்கார முடியுமா?

மூட்டுத் தேய்மானம் பற்றிய ஆராய்ச்சிகளில் உலகம் முழுக்கப் புழங்கும் ஒரு படிவம் உண்டு, பெயர் வோமாக். மொத்தம் 24 கேள்விகள். வலிக்கு 5, மூட்டு இறுக்கத்துக்கு 2, அன்றாட வேலைகளுக்கு 17. அந்தப் பதினேழில் சாக்ஸ் போடுவதற்கு ஒன்று, கழற்றுவதற்கு ஒன்று. காரில் ஏறி இறங்குவதற்கு ஒன்று. குளியல் தொட்டிக்குள் போய் வருவதற்கு ஒன்று. 1980களில் கனடாவில் உருவான படிவம் அது. பனி பெய்யும் ஊரில் ஒருவருக்குக் குனிந்து சாக்ஸ் போட முடியவில்லை என்றால் அது பெரிய கஷ்டம், அதனால் அவர்கள் கேட்டது சரிதான். அதையே மேலூர் பக்கம் நாற்று நடப் போகும் ஒரு அம்மாவிடம் கேட்டால் என்ன ஆகும்? அவர் வாழ்நாளில் சாக்ஸ் போட்டதில்லை. ஆய்வுக்காகக் கேட்கிற பிசியோதெரபி மாணவர் கொஞ்சம் தயங்கிவிட்டு "சிரமம் இல்லை" என்ற கட்டத்தில் டிக் அடிப்பார். காருக்கும் அதே டிக், தொட்டிக்கும் அதே டிக். கடைசியில் அந்த அம்மாவின் முழங்கால் காகிதத்தில் மட்டும் நன்றாக இருக்கும்.

என்னிடம் அந்த அம்மா சொன்னது வேறு. "கக்கூஸ்ல உக்காந்தா எந்திரிக்க முடியல தாயி, குழாயப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டுத்தான் எந்திரிக்கிறேன்." அப்புறம், "பஸ்ஸு ஃப்ரீதான், படி ஏறணும்ல." டவுன் பஸ்ஸின் முதல் படி எவ்வளவு உயரம் என்று ஏறுகிறவர்களுக்குத் தெரியும். நல்ல காலை மேலே வைத்து, வலிக்கிற காலை இழுத்து, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஏறுவதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்கள் காசு கொடுக்க வேண்டாம். மூட்டு வலியால் வீட்டோடு இருக்கும் பெண்களுக்கு அது வெளியே போகக் கிடைத்த பெரிய வழி, அந்த வழி முதல் படியிலேயே அடைபட்டுப் போகிறது. இது எந்தக் கட்டத்திலும் வராது.

1998-ல் வந்த கூஸ் என்ற இன்னொரு முழங்கால் படிவத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்வது பற்றிக் கேள்வி இருக்கிறது. ஆனால் அது இருக்கும் இடம் விளையாட்டு, பொழுதுபோக்கு என்ற பகுதி. ஓடுவது, குதிப்பது, கூடவே குந்துவது. நம் ஊரில் களை பறிப்பவருக்கும், பாத்திரம் துலக்குபவருக்கும், கோலம் போடுபவருக்கும், வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீட்டில் இருக்கும் எல்லாருக்கும் அது பொழுதுபோக்கா? வோமாக்கை இந்திய வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றிய வடிவம் ஒன்றைப் புனேயில் உருவாக்கியிருக்கிறார்கள், நல்ல வேலை அது. என் கைக்கு வந்த மாணவர்களின் தீசிஸ்களில் பெரும்பாலும் பழைய படிவமே இருக்கிறது, ஏனென்றால் முந்தின பேட்ச் அதைத்தான் வைத்திருந்தது.

நான் மதுரையில் பிசியோதெரபிஸ்ட். காலையில் கிளினிக், சாயங்காலம் வீடுகளுக்குப் போவது. செல்லூர், வில்லாபுரம், திருப்பரங்குன்றம், சில சமயம் மேலூர், உசிலம்பட்டி வரைக்கும். ஆராய்ச்சி செய்கிற கல்லூரியில் நான் இல்லை. ஆனாலும் ஆராய்ச்சியைப் படிக்காமல் இந்த வேலையைச் செய்ய முடியாது என்று நம்புகிறவள். அதனாலேயே இதை எழுதுகிறேன்: நம் துறையில் எதை அளப்பது என்பதை நோயாளியைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுகிறோம். பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள் என்பதுதான் நான் கேட்பது.

பக்கவாதத்துக்கு வருகிறேன், என் நோயாளிகளில் பாதிக்கு மேல் அவர்கள்தான். இங்கே அளவுகோல் பார்த்தெல் இன்டெக்ஸ். 1965-ல் வெளியானது, பத்து வேலைகள், மொத்தம் 100 மதிப்பெண். சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கக்கூஸ் போவது, படி ஏறுவது என்று வரும். எளிமையானது, சீக்கிரம் முடியும், எனக்கும் பிடிக்கும். சாப்பிடுவதற்கு மூன்று நிலைகள். தானாகச் சாப்பிட்டால் 10. வெட்டித் தரவோ, ரொட்டியில் வெண்ணெய் தடவித் தரவோ ஆள் வேண்டுமென்றால் 5. ஊட்டிவிட வேண்டுமென்றால் 0.

செல்லூரில் ஒரு ஐயா, வலது பக்கம் வாதம். இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சிந்தாமல் சாப்பிடுகிறார். பார்த்தெல் கணக்கில் முழுசாகப் பத்து. ஆனால் அந்த மனிதர் சொந்தப் பேத்தியின் காதுகுத்துக்குப் போகவில்லை. தாய்மாமன் சீர் வருகிறது, கிடா வெட்டு, மண்டபம் முழுக்க ஆள், இவர் மட்டும் வீட்டில். ஏன் என்று கேட்டேன். "இடது கையில சோத்தப் பிசைஞ்சா பக்கத்துல உக்காந்திருக்கவன் என்ன நினைப்பான் தாயி? ஸ்பூனக் கேட்டு வாங்கி, பச்சப்புள்ள மாதிரி... வேணாம் விடு."

அவருக்கு என்ன திரும்ப வேண்டும் என்பது அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டாத விஷயம். கை சோற்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். உடற்கூறாகப் பார்த்தால் அது சாதாரண வேலை இல்லை. நான்கு விரலும் பரவி, சோற்றைக் குவித்து, உருட்டுகிற அளவுக்கு மட்டும் அழுத்த வேண்டும், அதிகம் அழுத்தினால் கூழாகிவிடும். பிறகு முழங்கை மடங்க வேண்டும், உள்ளங்கை வாயைப் பார்க்க முன்கை திரும்ப வேண்டும், கடைசியில் கட்டைவிரல் சோற்றை உள்ளே தள்ள வேண்டும். வாதம் வந்த கையில் முழங்கை மடங்கும்போது விரல்களும் சேர்ந்து இறுகிக்கொள்ளும், முன்கை உள்பக்கமே திரும்பி நிற்கும், கட்டைவிரல் உள்ளங்கைக்குள் புதைந்துவிடும். கிளினிக்கில் கூம்பு அடுக்குவதும், பந்தை அமுக்குவதும் இந்த வரிசையைச் சொல்லித் தராது. அதனால் சோற்றிலேயே ஆரம்பித்தோம். முதலில் வெண்பொங்கல், ஆறியது. அது ஒட்டிக்கொள்ளும், பிடிக்க எளிது. அடுத்து கெட்டியான சாம்பார் சாதம். பொரி வைத்து விரல் நுனிக்குத் தனியாகப் பழக்கம். தயிர் சாதம் வழுக்கும். ரசம் சாதம்தான் எல்லாவற்றுக்கும் கடைசி, அது நல்ல கைக்கே வழிகிற சமாச்சாரம். அவர் வீட்டில் மருமகள் சோற்றின் பதத்தை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டு, எந்த நாளில் எவ்வளவு தண்ணி விட வேண்டும் என்று தானே கூட்டிக் குறைத்தார்.

இப்போது பொங்கலும் சாம்பார் சாதமும் வலது கையில் போகிறது. ரசம் இன்னும் வரவில்லை. பார்த்தெல் மதிப்பெண்? அன்றும் 10, இன்றும் 10. இந்த மனிதர் ஒரு ஆய்வில் இருந்திருந்தால் "மாற்றம் ஏதுமில்லை" என்றுதான் கணக்கில் விழுந்திருப்பார்.

இதற்கு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. கோல் அட்டெய்ன்மென்ட் ஸ்கேலிங் என்ற முறை 1968-லேயே மனநல மருத்துவத்துக்காக வந்தது, பிறகு மறுவாழ்வுத் துறைக்கும் வந்து நன்றாகவே வேரூன்றிவிட்டது. நோயாளியோடு உட்கார்ந்து, அவருக்கு எது வேண்டும் என்று கேட்டு, ஐந்து படிகளாக முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். எதிர்பார்த்தது நடந்தால் 0, கொஞ்சம் அதிகம் என்றால் 1, ரொம்ப அதிகம் என்றால் 2, அதேபோல் கீழே கழித்தல் 1, கழித்தல் 2. ஐயாவுக்கு சாம்பார் சாதம் 0, ரசம் சாதம் 1, பந்தியில் உட்கார்ந்து வலது கையில் சாப்பிட்டுவிட்டு எழுவது 2. ஆளுக்கு ஆள் இலக்கு வேறு, ஆனாலும் மதிப்பெண்ணைச் சேர்த்துப் பார்க்க முடியும். நேரம் பிடிக்கும், இலக்கை ரொம்பச் சுலபமாக வைத்துவிடும் ஆபத்தும் உண்டு. அதனால் பார்த்தெல்லைத் தூக்கிப் போட வேண்டாம், இதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

இந்தக் கை என்ன வேலை செய்ய வேண்டும் என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு மதுரையிலேயே ஆள் இருந்தார். அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி. ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்ற மூட்டு அழற்சி நோய் இளம் வயதிலேயே அவர் விரல்களை முறுக்கிப் போட்டது, மகப்பேறு மருத்துவராகும் ஆசை அதோடு போனது. அந்த விரல்களுக்கேற்ற கருவிகளை வைத்துக்கொண்டு, பிடிக்கும் விதத்தைத் தானே பழகி, ஒரு லட்சத்துக்கும் மேல் கண் அறுவை சிகிச்சை செய்தார். விரல் நிமிர்ந்ததா என்று அளந்திருந்தால் அவரைத் தோல்வி என்றே குறித்திருப்பார்கள். அந்தக் கோணம் கடைசி வரை மாறவில்லை.

சரி, தீசிஸ் விஷயம். எம்பிடி, அதாவது பிசியோதெரபி மேற்படிப்பு, இரண்டு வருடம், அதில் ஒரு ஆய்வு கட்டாயம். வருடா வருடம் தம்பி தங்கைகள் போன் பண்ணுவார்கள், "அக்கா, ஸ்ட்ரோக் பேஷன்ட் இருந்தா சொல்லுங்க, சாம்பிள் சைஸ் வரல." நான் அனுப்புவேன். அவர்கள் உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன், எதிக்ஸ் கமிட்டிக்கு அலைவதும், நோயாளி பாதியில் ஊருக்குப் போய்விட்டால் தூக்கம் கெடுவதும் எனக்குத் தெரியும். ஆனால் முடிவைப் பார்த்தால் எல்லாருக்கும் எல்லாமே பலன் தந்திருக்கும். டேப் ஒட்டினாலும் பலன், கரண்ட் வைத்தாலும் பலன், கண்ணாடியில் நல்ல கையைப் பார்க்க வைத்தாலும் பலன். எல்லாம் வாதம் வந்து முதல் மூன்று மாதத்துக்குள் இருக்கும் நோயாளிகள். அந்த மூன்று மாதத்தில் மூளை தானாகவே நிறைய மீளும். சிகிச்சையே கொடுக்காமல் முன்னும் பின்னும் அளந்தால்கூட எண் ஏறித்தான் இருக்கும். ஒப்பிட இன்னொரு குழு இல்லாமல் "பலன்" என்று எழுதினால், இயற்கை செய்த வேலைக்கு நாம் பில் போட்டது போலத்தான்.

ஒழுங்காகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு எக்ஸைட் ஆய்வைப் படிக்கச் சொல்வேன். 2006-ல் வந்தது, 222 பேர், எல்லாருக்கும் வாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆகியிருந்தது, அதாவது தானாக மீளும் வேகம் குறைந்த பிறகு. நல்ல கைக்கு உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அதைக் கட்டிவைத்து, இரண்டு வாரம் வாதக் கையையே வேலை வாங்கினார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட இவர்கள் கை தெளிவாக முன்னேறியது, ஒரு வருடம் கழித்தும் அந்த வித்தியாசம் நின்றது. ஆனால் மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது நிமிரும் ஆட்களைத்தான் சேர்த்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, விரலே அசையாதவரின் நல்ல கையைக் கட்டினால் அந்த மனிதர் தவித்துப் போவார். உசிலம்பட்டியில் ஒரு வீட்டில் இந்த முறையை விளக்கியபோது அந்த வீட்டு அப்பத்தா கேட்டார், "இருக்கற ஒரு கையையும் கட்டிப்புட்டா ஈ ஓட்டக்கூட ஆகாதே, ஏந்தாயி?" யாருக்கு எவ்வளவு நேரம் என்று நான் யோசித்துச் சொல்வதற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

பலன் இல்லை என்று வந்த ஆய்வுகள்தான் எனக்கு அதிகம் சொல்லித் தந்திருக்கின்றன. அவெர்ட் என்ற ஆய்வு, 2015, ஐந்து நாடுகளில் 2,104 பேர். வாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி எழுப்பி உட்கார, நிற்க, நடக்க வைத்தால் நல்லது என்று எல்லாரும் நினைத்தார்கள். மூன்று மாதத்தில் நல்ல நிலையில் இருந்தவர்கள் அந்தக் குழுவில் 46 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 50 சதவீதம். அவசரம் உதவவில்லை, கெடுத்தது. "இன்னைக்கே நடக்க வச்சிருங்க மேடம், நாளைக்கு டிஸ்சார்ஜ்" என்று கையைப் பிடித்துக் கெஞ்சும் மகன்களிடம் மாட்டேன் என்று நான் பொறுமையாகச் சொல்ல முடிவது இந்த ஆய்வால்தான். முதல் நாளில் கொஞ்சம் கொஞ்சமாக, சின்னச் சின்ன நேரமாக, அவ்வளவு போதும்.

இன்னொன்று நம் நாட்டிலேயே நடந்தது, அட்டெண்ட். 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள், 2017-ல் லான்செட் இதழில் வந்தது. வீட்டு ஆள் ஒருவருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி கொடுத்து, வீட்டில் இரண்டு மாதம் வரை தொடர வைத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இறந்தவர்களும் பிறர் தயவில் இருப்பவர்களும் சேர்த்து 47 சதவீதம். பயிற்சி கொடுக்காத பக்கமும் அதே 47. வந்த புதிதில் "அப்போ வீட்டுப் பயிற்சியெல்லாம் வேஸ்ட்" என்று பேசிக்கொண்டார்கள். நான் அதை அப்படிப் படிக்கவில்லை. ஒன்று, நம் ஊரில் ஒப்பீட்டுக் குழுவின் குடும்பமும் சும்மா இருக்காது, ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கிறவர்கள் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாவது கையைக் காலை நீட்டி மடக்கி விடுவார்கள். இரண்டு, அளந்தது பிறர் உதவி எவ்வளவு தேவை என்று பார்க்கும் ராங்கின் அளவுகோலில், 0 முதல் 6 வரை மொத்தம் ஏழு படிதான், செல்லூர் ஐயாவின் சாம்பார் சாதம் அதில் எங்கேயும் தெரியாது. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். பயிற்சி பெற்ற ஒருவரின் வேலையை, ஏற்கெனவே நூறு நாள் வேலைக்கும் போய், மாட்டையும் பார்த்து, பிள்ளையைப் பள்ளிக்கும் அனுப்பும் மருமகள் தலையில் ஏற்றினால் அது நடக்காது. செலவு குறைவான வழி என்று அரசாங்கங்கள் இதைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க இந்த முடிவு பெரிய உதவி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டையே வீட்டுக்கு அனுப்புகிறார்கள், எனக்கு அது சரியான பாதையாகத் தெரிகிறது. அந்த வீடுகளுக்குப் போகும்போது "உங்களுக்கு எது திரும்ப வேண்டும்" என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலை எழுதி, ஆறு மாதம் கழித்து அதையே மறுபடி கேட்டு வைத்தால், வேறெங்கும் கிடைக்காத ஆராய்ச்சி நம் கையில் இருக்கும்.

எத்தனை தடவை செய்ய வேண்டும் என்பதிலும் நமக்கு வேலை இருக்கிறது. 2009-ல் வட அமெரிக்காவில் பக்கவாத சிகிச்சை நேரங்களை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள், ஒரு அமர்வில் கையால் செய்த பயனுள்ள அசைவு சராசரியாக 32. விலங்குகளில் மூளை மாறுவதைக் காட்டிய ஆய்வுகளில் அது ஒரு நாளைக்கு 400, 600. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கட்டிக் கொடுத்துப் பிழைத்த ஒரு அக்கா, வாதத்துக்குப் பிறகு வலது கை லேசாக அசைய ஆரம்பித்த நிலையில், மல்லிகை கட்டணும் என்றார். இடது கை மொட்டை அடுக்கிப் பிடிக்கும், வலது கை நாரைச் சுற்றி விரலில் முடிச்சை ஏற்றி இழுக்கும். மல்லி மொட்டு நசுங்கும் என்பதால் செவ்வந்தியில் ஆரம்பித்து, கனத்த நூலில் பழகி, மெல்ல மல்லிக்கு வந்தார். நெருக்கிக் கட்டினால் ஒரு முழத்திலேயே அந்த 32-ஐத் தாண்டிவிடும், அதுவும் சலிக்காமல், பக்கத்து வீட்டுப் பெண்களோடு பேசிக்கொண்டே. அதற்காக எண்ணிக்கை ஏற ஏறப் பலன் ஏறும் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2016-ல் 85 பேரை நான்கு விதமான எண்ணிக்கையில் பிரித்துப் பார்த்தார்கள், நாள்பட்ட வாதத்தில் அதிகம் செய்தவர்கள் அதற்கேற்ப அதிகம் முன்னேறவில்லை. அப்போது எது வேலை செய்கிறது? எண்ணிக்கையா, செய்கிற வேலை தன் வேலையாக இருப்பதா? பூ கட்டத் தெரிந்தவர்களும் வாதம் வந்தவர்களும் நிறைந்திருக்கும் இந்த ஊரைவிட அதைக் கேட்டுப் பார்க்க நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

எம்பிடி இரண்டாம் வருடம் வரப்போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தலைப்பைக் கைடிடம் கொடுப்பதற்கு முன் ஒரு சாயங்காலம் என்னோடு வீடுகளுக்கு வாருங்கள். படிவம் கொண்டுவர வேண்டாம், ஒரு நோட்டு போதும். மேலூர் பக்கம் போகிற நாளாக இருந்தால் நாலு மணிக்கு மாட்டுத்தாவணியில் நில்லுங்கள், டவுன் பஸ்ஸிலேயே போவோம், அந்த முதல் படியின் உயரத்தை அளக்க ஒரு டேப் இருந்தால் அதை மட்டும் எடுத்து வாருங்கள்.